தீவுக்காரனுக்கு நீச்சல் தெரியாது

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆடிட், வீட்ல வெள்ளையடிப்பு, நடுவுல ஒரு கடல் பயணம். முதல் ரெண்டும் உங்களுக்கு வேண்டாம். மூணாவதைப் பத்தி எழுதணும்னு திரும்பி வந்ததிலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. பயணக் கட்டுரைன்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். பாதிதான் பயணம், மீதி புலம்பல்.

சித்தி பையன் ஒருத்தன் கோலாலம்பூர்ல இருக்கான். டிசம்பர்ல போன் பண்ணினான். "அண்ணா, ஜனவரியில லங்காவில நாலு நாள் பாய்மரப் படகு எடுத்திருக்கோம். எட்டு பேர் போகலாம். ஒருத்தன் கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டான். நீங்க வந்துடுங்கோ. மன்னிகிட்ட நான் பேசறேன்." திருச்சியிலேர்ந்து கோலாலம்பூருக்கு நேரா விமானம் இருக்கு. அங்கேர்ந்து லங்காவி ஒரு மணி நேரம். படகுல என் பங்கு, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் சொச்சம் ஆச்சு. சும்மா சொல்லக் கூடாது, கை கடிச்சுது. ஆனா ஒரு பெரிய ஓட்டல்ல நாலு நாள் குடும்பத்தோட தங்கினா ஆகிற செலவுதான்.

வீட்டம்மா சொன்னது ஒரே வாக்கியம். "அம்மா மண்டபத்துல தண்ணி வந்தா மேல் படியில நின்னு தலையில தெளிச்சுண்டு வர்றவர், கடல்ல போய் என்ன பண்ணப் போறீங்க?"

அப்ப சிரிச்சேன். அந்தக் கேள்வி எவ்வளவு சரியான கேள்வின்னு படகுல ஏறின பத்தாவது நிமிஷம் தெரிஞ்சுபோச்சு.

கேப்டன் ஒரு மலாய்க்காரர், அறுபது வயசு இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரையும் உட்கார வெச்சு பாடம் எடுத்தார். மிதவை அங்கி எங்க இருக்கு, பாய் திரும்பும்போது தலையை எப்படிக் குனியணும், கழிப்பறையில கையால பம்ப் அடிக்கிறது எப்படி, எல்லாம். கடைசியா கேட்டார்: "நீந்தத் தெரியாதவங்க கை தூக்குங்க."

எட்டு பேர்ல ஒரே ஒரு கை. என்னோடது.

"எந்த ஊர் உங்களுக்கு?"

"ஸ்ரீரங்கம். தமிழ்நாட்டுல. ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிற தீவு." வாய் சும்மா இருக்காம பெருமையா அதையும் சேர்த்துச் சொல்லிட்டேன்.

அவர் சிரிக்கலை. நிஜமாவே புரியாம, "தீவுல பிறந்தவருக்கு நீச்சல் தெரியாதா?"ன்னு கேட்டார். மத்தவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். அன்னிக்கு ராத்திரி மட்டும் தூக்கம் வரலை. படகு ஆடினதால இல்லை.

முதல்ல படகைப் பத்திச் சொல்லிடறேன். அது ரெட்டை உடல் படகு, இங்கிலீஷ்ல கட்டமரான். நம்ம கட்டுமரம்தான் அந்தப் பேருக்கு மூலம்னு எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மார் தட்டிக்கறோம். ஆனா நம்ம கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டின ஒரே தட்டு. ரெண்டு உடலை இணைக்கிற அமைப்பு பசிபிக் தீவு மக்களோடது. பேர் மட்டும் நம்மளோடது ஒட்டிக்கிச்சு. பேரைக் கொடுத்துட்டு கரையில நின்னு வேடிக்கை பார்க்கிறது நமக்குப் பழகிப்போன விஷயம்தானே :)

பாய்மரப் படகு விடுமுறைன்னா சினிமாவுல காட்டற மாதிரி வெள்ளை பேண்ட் போட்டுண்டு ஜூஸ் குடிக்கிறதுன்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. நன்னீர் ஒரு தொட்டி அளவுதான். எட்டு பேரும் நாலு நாளும் அதை வெச்சே ஓட்டணும். ரெண்டாம் நாள் காலையில நான் பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்தே விட்டதைப் பார்த்து கேப்டன் ஒண்ணும் பேசாம வந்து மூடினார். அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணியில முகம் கழுவக் கத்துக்கிட்டேன். அடுத்து, காத்து எங்கேர்ந்து வருதோ அதுக்கு நேர் எதிரே பாய்மரப் படகு போகாது. வலப்பக்கம் கொஞ்சம் கோணலா, அப்புறம் இடப்பக்கம் கொஞ்சம் கோணலான்னு மாத்தி மாத்திப் போய்த்தான் எதிர்க்காத்துல முன்னேறணும். கண்ணுக்கு முன்னாடி தெரியற தீவுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். முதல் நாள் எரிச்சலா இருந்துது. மூணாம் நாள் யாருமே கடிகாரம் பார்க்கலை.

லங்காவி ஒரே தீவு இல்லை, 99 தீவுன்னு சொல்றாங்க. பெரும்பாலானதுல மனுஷங்களே கிடையாது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, உச்சி வரைக்கும் காடு, அடியில பச்சைத் தண்ணி. தாயாங் புந்திங்னு ஒரு தீவு. உள்ளே நடந்து போனா கடல்லேர்ந்து கொஞ்ச தூரத்துலயே நன்னீர் ஏரி. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மழை குறைவு, காத்து ஒரே சீரா இருக்கும்கிறதால அந்த மாசங்கள்ல படகுக்காரங்களுக்கு அறுவடைக் காலம்.

இன்னொரு சங்கதி. லங்காவி இருக்கிறது கெடா மாநிலத்துல. கெடாதான் நம்ம கடாரம். ராஜேந்திர சோழன் 1025-ல படை அனுப்பின இடம். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல கடாரமும் இருக்கு, நக்கவாரமும் இருக்கு. நக்கவாரம்னா இன்னிக்கு நிக்கோபார். எஞ்சின் இல்லாத காலத்துல, போக ஒரு காத்து, வர ஒரு காத்துன்னு மாசக்கணக்குல காத்திருந்து போயிட்டு வந்திருக்காங்க. அங்கேர்ந்து வந்த பரம்பரைன்னு சொல்லிக்கிற நான், மிதவை அங்கியைக் கழட்டாம படகு நடுவுல கம்பத்தைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதுவரைக்கும் பயணம். இனிமே புலம்பல்.

மூணாம் நாள் சாயங்காலம் சித்தி பையனோட நண்பன் ஒருத்தன், மதுரைப் பக்கத்துக்காரன், கேட்டான். "ஏன் சார், நம்ம ஊர்ல தீவே இல்லையா? ராமேஸ்வரத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையா இருக்கே. அங்க ஏன் இந்த மாதிரி படகு விட மாட்டேங்கறாங்க? விட்டா கோடிக்கணக்குல கொட்டுமே. நம்ம ஆளுங்களுக்குத் தொழில் பண்ணத் தெரியலை."

இதே பேச்சை இங்க திரும்பி வந்தப்புறமும் நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன். கேட்க நியாயமா இருக்கு. ஆனா நான் இதை ஒத்துக்கலை. ஏன்னு சொல்றேன்.

மன்னார் வளைகுடாவுல 21 தீவு. 1986-ல கடல் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, 1989-ல உயிர்க்கோளக் காப்பகம். 21-னு பாடப்புத்தகத்துல படிக்கிறோமே, அதுல பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயாச்சு. மிச்சத்துலயும் சிலது தேஞ்சுகிட்டே வருது. காரணம் கடல் மட்டம் மட்டும் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு பல பத்து வருஷமா அங்க பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்தாங்க. அலையைத் தடுத்த சுவரை நாமே இடிச்சோம், தீவு கரைஞ்சுது. மிச்சம் இருக்கிற பவளமும் 2010-லயும் 2016-லயும் கடல் சூடானப்போ வெளுத்துப் போச்சு. அந்த இடத்துல பத்துப் படகு தினம் நங்கூரம் போட்டா என்ன ஆகும்? நங்கூரம்கிறது இரும்புக் கொக்கி. விழுற இடத்துல பவளம் இருந்தா உடையும், கடற்புல் இருந்தா பிடுங்கிண்டு வரும். அந்தப் புல்லைத் தின்னுதான் ஆவுளியா வாழுது. அதுக்குன்னே பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 2022-ல ஒரு காப்பகம் அறிவிச்சிருக்காங்க.

இது முதல் காரணம். ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையா அந்தத் தீவுகளைச் சுத்தி முங்கிப் பாசி எடுத்துப் பிழைச்சவங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு பாறையிலேர்ந்து பாசியைப் பிய்ச்சு எடுக்கிற வேலை. பூங்கான்னு ஆனப்புறம் அவங்களைத் தீவுப் பக்கம் வராதேன்னு சொல்லியாச்சு. அது சரியா தப்பான்னு தனியா ஒரு பதிவே எழுதலாம். ஆனா அவங்களை வராதேன்னு சொல்லிட்டு, அதே தண்ணியில விடுமுறைக்கு வர்றவனுக்கு மட்டும் சிவப்புக் கம்பளம் விரிச்சா, அதுக்குப் பேர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இல்லை.

மூணாவது, அந்தக் கடல் சும்மா கிடக்கிற கடல் இல்லை. 1974, 1976 ஒப்பந்தக் கோடு நடுவுல ஓடுது. மீன் பிடிக்கப் போறவன் கோட்டைத் தாண்டினா படகும் போச்சு, ஆளும் சிறை. வலையை நம்பிப் போறவனுக்கு இந்த நிலைமைன்னா, பக்கத்துலயே நாம பாயை விரிச்சுண்டு சூரிய அஸ்தமனம் பார்க்கிறதுக்கு எனக்கு மனசு ஒப்பலை.

"அப்ப ஒண்ணுமே வேண்டாம்கறீங்களா?"ன்னு கேட்பீங்க. இல்லை. அங்கதான் நான் பாதி ஆள்கிட்டேர்ந்து விலகறேன். கடலைப் பூட்டி வெச்சுட்டா கடல் பிழைச்சுடும்னு நான் நம்பலை. பார்க்காததை யாரும் காப்பாத்த மாட்டாங்க. எட்டு பேரும் ஒரு தொட்டித் தண்ணியில வாழ்ந்த அந்த நாலு நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இருபது வருஷ மேடைப் பேச்சு சொல்லிக் கொடுக்கலை. லங்காவில நாங்க ராத்திரி தங்கின ஒரு இடத்துல நங்கூரமே போடலை. கடலடியில ஒரு தடவை நிரந்தரமா கல்லைக் கட்டி, மேல மிதவை விட்டிருந்தாங்க. வர்ற படகு அதுல கயித்தைக் கட்டிக்க வேண்டியதுதான். அடியில இருக்கிற எதுக்கும் புதுசா அடி படாது. பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை. மிதவை எத்தனையோ அத்தனை படகுக்குத்தான் இடம், அவ்வளவுதான் கணக்கு.

நம்ம பக்கத்துலயும் உதாரணம் இருக்கு. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுல அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து படகுல கூட்டிண்டு போறாங்க. படகு ஓட்டறதும் அந்த ஊர் ஆள், சோறு போடறதும் அந்த ஊர் பெண்கள். அதைப் பாய்மர வள்ளத்துக்கும் நீட்டினா போதும். தீவுல இறங்க வேண்டாம். தூரத்துலேர்ந்து பார்த்தா போதும். ஆனா சுக்கான் பிடிக்கிறவர் அந்தக் கரைக்காரரா இருக்கணும், படகும் அவருடையதா இருக்கணும். கொண்டல் எது, வாடை எது, கச்சான் எது, சோழகம் எதுன்னு காத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்சவங்க அவங்கதான். எனக்கு ஃபேன் காத்து, ஏசி காத்து ரெண்டுதான் தெரியும்.

படகு யாருடையதுன்னு நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர். 1928-லேர்ந்து 1931 வரைக்கும் 32 அடி பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்தி வந்தவர். படகு விடுமுறைக்காரங்களுக்கு எல்லாம் கொள்ளுத்தாத்தா மாதிரி. அவர் அப்புறமா யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிங்கிற பாய்க்கப்பலைப் பார்த்து ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். மனைவி பேரை வெச்சார். கப்பல் சூயஸ் வழியா, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்ட்ல மாசாசூசெட்ஸ் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டிண்டு போனதுல வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் இருந்தாங்க. ராபின்சன் எழுதின புத்தகங்கள் உலகம் பூரா விக்குது. அந்த மாலுமிகள் பேரை வல்வெட்டித்துறைக்காரங்களைத் தவிர எத்தனை பேர் சொல்லுவோம்? ஒருத்தருக்குப் பொழுதுபோக்கு, இன்னொருத்தருக்குப் பிழைப்பு. ரெண்டும் ஒரே படகுல போகும். ஆனா கதையில ஒருத்தர் பேர்தான் நிக்கும். நம்ம கடல்ல விடுமுறைப் படகு வந்தா இந்தத் தடவையாவது பேர் மாறி நிக்கணும்.

சரி, கடலை விடுங்க. நம்ம ஊருக்கு வருவோம். எனக்கு உண்மையில வலிக்கிறது இங்கதான்.

மேற்கே முக்கொம்பு, கிழக்கே கல்லணை, நடுவுல காவிரியும் கொள்ளிடமும் அணைச்சுண்டு கிடக்கிற தீவு எங்களோடது. மாசி மாசம் நம்பெருமாள் தெப்பத்துல ஏறிச் சுத்தி வர்றார். ஊர்ல படகு ஏறுற ஒரே ஆள் அவர்தான். நாங்க கரையில நின்னு கன்னத்துல போட்டுக்கறோம். நதி எங்களுக்குக் கும்பிட, தர்ப்பணம் பண்ண, பாலத்து மேலேர்ந்து எட்டிப் பார்த்து "தண்ணி வந்துடுத்து"ன்னு போன் பண்ண. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணையில ஒன்பது மதகு அடிச்சுண்டு போச்சே, அப்ப ஊரே போய் நின்னு வேடிக்கை பார்த்தது. நானும்தான். அவ்வளவுதான் எங்களுக்கும் தண்ணிக்கும் இருக்கிற உறவு.

எனக்கு ஏன் நீச்சல் தெரியாதுன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் விளக்கமா சொன்னதில்லை. நான் ஏழாவது படிக்கும்போது என் பெஞ்சுல உட்கார்ந்தவன் ஒருத்தன், ஒரு சனிக்கிழமை கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனான். முழங்கால் தண்ணிதான். பக்கத்துலயே மணல் எடுத்த பள்ளம். அவனுக்கும் நீச்சல் தெரியாது, கூடப் போன மூணு பேருக்கும் தெரியாது. கரையில நின்னு கத்தத்தான் முடிஞ்சுது அவங்களால. நானும் போயிருக்க வேண்டியது. அன்னிக்கு எனக்கு ஜுரம்.

அந்த ராத்திரி அம்மா என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிண்டா, ஆத்துல இறங்க மாட்டேன்னு. நாப்பது வருஷம் காப்பாத்தினேன். அம்மா மேல தப்பே இல்லை. ஒரு பிள்ளை செத்த தெருவுல வேற எந்தத் தாயும் அதைத்தான் பண்ணியிருப்பா. ஆனா இப்ப யோசிச்சா, அவன் செத்தது ஆத்துல இறங்கினதால மட்டும் இல்லை, நீந்தத் தெரியாததால. நாங்க தப்பான பாடத்தைக் கத்துக்கிட்டோம். தெருவே சேர்ந்து எங்க எல்லாருக்கும் பயத்தைத்தான் சொல்லிக் கொடுத்தது. நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இன்னிக்கும் அதேதான் நடக்குது. கரையில "ஆழமான பகுதி, குளிக்காதீர்கள்"னு போர்டு. போர்டு வேண்டியதுதான். ஆனா போர்டு மட்டுமே போதும்னு நினைக்கிறோமே, அதுதான் தப்பு. ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் ஆத்துக்குப் போவோம். பதினேழு வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் நீந்தச் சொல்லித் தர மாட்டோம். கணக்கு டியூஷன், ஹிந்தி டியூஷன், கீபோர்டு கிளாஸ் எல்லாத்துக்கும் பணம் இருக்கு. ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்கிற ஊர்ல எத்தனை பள்ளிக்கூடத்துல நீச்சல் பாடம் இருக்கு?

தமிழனுக்குத் தண்ணி வராதுன்னும் சொல்ல முடியாது. சென்னையில பாய்மரப் படகுச் சங்கம் 1911-லேர்ந்து இருக்கு. சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ரெண்டுலயும் பாய்மரப் படகு ஓட்டினாங்க. வேலூர்ல பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டுல வெண்கலம். கடற்படை லெப்டினன்ட் கமாண்டர் ரூபா இன்னொரு பெண் அதிகாரி தில்னாவோட சேர்ந்து 2024 அக்டோபர்ல கோவாவிலேர்ந்து கிளம்பி, தாரிணிங்கிற பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்திட்டு 2025 மே மாசம் திரும்பி வந்தாங்க. ரெண்டே பேர். அந்தச் செய்தியை பேப்பர்ல படிச்சுட்டு "பலே"ன்னு சொல்லிட்டு நான் காபி குடிச்சேன். ஆத்துல இறங்கலை.

அதனால என் கட்சி இதுதான். தீவுத் தீவா பாய்மரப் படகுல சுத்தற விடுமுறை பணக்காரத் திமிர்னு சொல்றவங்க கட்சியிலயும் நான் இல்லை. மன்னார் வளைகுடாவைத் திறந்து விட்டுக் காசு பார்க்கணும்கிற கட்சியிலயும் இல்லை. கடலுக்குப் போங்க. முடிஞ்சா ஒரு தடவை பாய்மரத்துல போங்க. சத்தமே இல்லாம ஒரு படகு நகர்றது எப்படி இருக்கும்னு அனுபவிச்சாத்தான் தெரியும். ஆனா அந்தக் கரைக்காரன் படகுல, அந்தக் கரைக்காரன் சொல்ற தூரத்துல. அதுக்கு முன்னாடி பிள்ளைகளுக்கு நீச்சல் கத்துக் கொடுங்க. தண்ணி தெரியாதவனுக்குத் தண்ணி மேல பக்தி வரலாம், பயம் வரலாம். அக்கறை மட்டும் வராது. நாப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன்.

கடைசி நாள் கேப்டன் ஒரு காரியம் பண்ணினார். ஒரு சின்னத் தீவு ஓரமா, இடுப்பளவு தண்ணியில படகைக் கட்டிட்டு, என்னை மட்டும் ஏணி வழியா இறங்கச் சொன்னார். மிதவை அங்கியோடத்தான். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முதுகுக்குக் கீழ ஒரு கையை வெச்சுக்கிட்டார். "வானத்தைப் பாருங்க"ன்னார். பார்த்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் காட்டினார். எப்ப எடுத்தார்னே தெரியலை.

ஊருக்கு வந்த மறுவாரமே அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்துல சேர்ந்துட்டேன். என் பேட்ச்ல எல்லாரும் எட்டு வயசு, ஒன்பது வயசு. "தாத்தா, காலை நல்லா அடிங்க"ன்னு அட்வைஸ் வேற :) இப்ப அகலவாட்டுல பாதி தூரம் வரைக்கும் போறேன். முழுசா போனதும் அம்மாகிட்ட சொல்லணும். அம்மாவுக்கு இப்ப எண்பத்தி ரெண்டு. சத்தியத்தை மீறிட்டேன்னு கோபப்படுவாளோ என்னவோ.

அவன் வீடு இருந்த தெரு வழியாத்தான் தினம் குளத்துக்குப் போயிட்டு வரேன்.

டிஸ்கி: லங்காவி செலவு விவரம், விசா விவரம் கேட்டு மட்டும் பின்னூட்டம் போடாதீங்க மக்களே. உங்க ஊர் ஆறு எது, உங்களுக்கு நீச்சல் தெரியுமா, யார் கத்துக் கொடுத்தாங்கன்னு எழுதுங்க. அதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.